கையாளலும் கையாடலும்

காலையில் பேப்பரைப் பிரித்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தத் தலைப்பு கண்ணில் படும். 'கூட்டுறவு சங்கத்தில் பல லட்சம் கையாடல்: செயலாளர் கைது.' ஊர் மாறும், தொகை மாறும், செயலாளருக்குப் பதில் காசாளர் வருவார், மேலாளர் வருவார். மாறாத ஒரே வார்த்தை, கையாடல்.

என்றைக்காவது இந்த வார்த்தையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? திருட்டு இல்லை, கொள்ளை இல்லை, வழிப்பறி இல்லை. எழுதிய நிருபருக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும், இது வேறு ஜாதிக் குற்றம். சுவர் ஏறிக் குதிக்கவில்லை. பூட்டை உடைக்கவில்லை. கத்தியைக் காட்டவில்லை. சாவி அவர் கையில்தான் இருந்தது. கொடுத்தவர்களே நாம்தான்.

கொஞ்சம் இலக்கணம் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புத் தமிழ் போதும்.

கை + ஆடு. நடுவில் 'ய்' என்று ஓர் உடம்படுமெய் வந்து உட்கார்ந்து, கையாடு. அதோடு 'அல்' விகுதி சேர்ந்தால் தொழிற்பெயர், கையாடல். இந்த 'ஆடு' தமிழில் ரொம்பப் பிஸியான வினைச்சொல். உரையாடு, போராடு, மன்றாடு, கொண்டாடு, வேட்டையாடு, நீராடு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை செய்துவிட்டு எழுந்து போகிற காரியங்கள் அல்ல இவை. ஒரு வார்த்தை பேசினால் உரையாடல் ஆகாது, ஒரு அடி அடித்தால் போராட்டம் ஆகாது. செய்துகொண்டே இருக்க வேண்டும். கையாடலுக்கும் அந்த ரத்தம் உண்டு. ஒரே நாளில் மொத்தமாக அள்ளிக்கொண்டு ஓடுகிறவனை நாம் கையாடல்காரன் என்று சொல்வது குறைவு. இன்றைக்கு ஐந்நூறு, அடுத்த வாரம் ஆயிரம், கை நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பவன்தான் கையாடுகிறவன்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு. களவாடு. களவு + ஆடு. இரண்டும் கூடப் பிறந்த மாதிரி இருந்தாலும் பெரிய வித்தியாசம். களவாடு என்பதில் குற்றம் பெயரிலேயே இருக்கிறது. கையாடு என்பதில் இருப்பது வெறும் கை. பாவம், கை என்ன செய்யும்?

இப்போது பக்கத்து வீட்டு வார்த்தையைப் பாருங்கள். கையாள். நிர்வகிப்பது, பயன்படுத்துவது, பொறுப்பாக வைத்து நடத்துவது. இறந்த காலத்தில் 'நிதியைக் கையாண்டார்' என்றால் ஆண்டு விழாவில் சால்வை. 'நிதியைக் கையாடினார்' என்றால் பதினைந்து நாள் ரிமாண்ட். தொழிற்பெயரில் பார்த்தால் கையாளல், கையாடல். ள-வுக்கும் ட-வுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்து. அதில் எத்தனையோ குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு காணாமல் போயிருக்கிறது!

மற்ற வார்த்தைகளும் சுவாரசியமானவைதான். கபளீகரம் என்று ஒன்று இருக்கிறதே, அது சமஸ்கிருதம். கபளம் என்றால் நம்முடைய கவளம்தான், ஒரு வாய்ச் சோறு. கபளீகரம் என்றால் கவளமாக ஆக்கிக்கொள்வது. பேச்சுத் தமிழும் அதே சாப்பாட்டு வழியில்தான் போகிறது. சாப்பிட்டுட்டான், முழுங்கிட்டான், வாயில போட்டுக்கிட்டான். கடைசியில் ஏப்பம் வேறு விட்டுட்டான். ஊர்ப் பணத்தை எடுப்பவனைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஏனோ பந்திதான் ஞாபகம் வருகிறது.

இங்கிலீஷ்காரர்களுக்கு ஞாபகம் வந்தது வயல். ஆடிட் ரிப்போர்ட்டுகளில் 'டீஃபால்கேஷன்' என்று ஒரு பழைய வார்த்தை வரும். வேர் லத்தீனில் 'ஃபால்க்ஸ்', அதாவது அரிவாள். விளைந்து நிற்கிற கதிரிலிருந்து ஒரு பிடி அறுத்துக்கொள்வது. 'பெக்யுலேஷன்' என்று இன்னொன்று, பொதுப் பணத்தை எடுப்பதற்கு. அதன் வேர் லத்தீனில் கால்நடையைக் குறிக்கும் சொல். பணம் புழங்கத் தொடங்குவதற்கு முன்பு மாடுதானே செல்வம்? தமிழிலும் மாடு என்றால் செல்வம்தான்.

சரி, வேர்களை விட்டுவிட்டு மறுபடி வேற்றுமை உருபுக்கு வருவோம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

'என்னை ஏமாற்றிவிட்டான்' என்று சொல்லலாம். 'என்னிடமிருந்து திருடிவிட்டான்' என்று சொல்லலாம். 'எங்களைக் கொள்ளையடித்துவிட்டார்கள்' என்றும் சொல்லலாம். எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்ட ஆள் வாக்கியத்துக்குள் இருக்கிறார். 'என்னைக் கையாடிவிட்டான்' என்று சொல்லிப் பாருங்கள். வரவில்லை, இல்லையா? 'பணத்தைக் கையாடினான்' என்றுதான் தமிழ் அனுமதிக்கிறது. இரண்டாம் வேற்றுமை பணத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. 'வங்கியில் கையாடினான்' என்றால் அந்த வங்கி வெறும் இடம், ஏழாம் வேற்றுமை. ஆக, வாக்கியத்தில் பணம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, இழந்த மனுஷன் மட்டும் இல்லை.

இது போதாது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் செயப்பாட்டு வினையைப் பிடித்துக்கொள்வார்கள். 'நிதி கையாடல் செய்யப்பட்டுள்ளது.' இப்போது எடுத்தவனும் காலி! கொடுத்தவனும் இல்லாமல், எடுத்தவனும் இல்லாமல், நடுவில் பணம் மட்டும் தானாக ஆவியாகிவிட்ட மாதிரி ஒரு வாக்கியம்.

தமிழை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்தக் குற்றத்தைச் சரியான வார்த்தையில் பிடிக்க முடியாமல் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் திணறியிருக்கின்றன. அந்தக் கதை தமாஷானது.

1473. நாலாம் எட்வர்ட் ஆட்சி. ஒரு வெளிநாட்டு வியாபாரி சில மூட்டைகளை சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி ஒரு வண்டிக்காரனிடம் ஒப்படைக்கிறார். வண்டிக்காரன் வேறு பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டான். பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திருட்டுதானே? அதில்தான் சிக்கல். அந்தக் காலச் சட்டப்படி திருட்டு என்றால் அடுத்தவர் வசம் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டும். இங்கே பொருள் வண்டிக்காரன் வசம்தான் இருந்தது. முதலாளியே கொடுத்தது. தன் கையில் இருப்பதைத் தானே எப்படித் திருட முடியும்?

நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூட்டையைத்தான் ஒப்படைத்தார்கள், உள்ளே இருந்ததை அல்ல. மூட்டையைப் பிரித்த அந்த நிமிஷமே ஒப்படைப்பு ரத்து. அதன் பிறகு எடுத்தது திருட்டு. அதாவது மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே முழுசாக விற்றிருந்தால் அவன் திருடன் இல்லை!

1529-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் ஒரு சட்டம் வந்தது. எஜமான் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த பொருளை வேலைக்காரன் அபகரித்தால் குற்றம். சரி, எஜமானுக்காக வேறொருவர் கொடுத்ததை வேலைக்காரன் வழியிலேயே அமுக்கிவிட்டால்? அதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஓட்டையை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு பேங்க் கேஷியர்.

லண்டன், லம்பார்டு தெரு. அங்கே ஒரு வங்கியில் ஜோசப் பேஸ்லி என்பவர் தலைமைக் காசாளர். வாடிக்கையாளர் ஒருவரின் பணம் வருகிறது. பேஸ்லி வாங்கிக்கொள்கிறார். வாடிக்கையாளர் கணக்கில் முழுத் தொகையும் ஒழுங்காக வரவு வைக்கப்படுகிறது. ஆனால் அதில் இருந்த 100 பவுண்டு நோட்டு மட்டும் கல்லாவுக்குப் போகாமல் பேஸ்லியின் பையில் இறங்குகிறது. மாட்டிக்கொண்டார். 1799-ல் வழக்கு. நடந்தது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வக்கீல்கள் கேட்ட கேள்வி இதுதான்: அந்த நோட்டு எப்போதாவது வங்கியின் வசம் இருந்ததா? வாடிக்கையாளர் கையிலிருந்து பேஸ்லி கைக்கு வந்தது, அங்கிருந்து பைக்குப் போயிற்று. கல்லாவைத் தொடவே இல்லை. வங்கி தன் வசம் இல்லாத ஒன்றை எப்படித் திருட்டுக் கொடுத்திருக்க முடியும்?

நீதிபதிகள் யோசித்து, குற்றம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பேஸ்லி தப்பினார்.

லண்டன் முதலாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள், ஒவ்வொருவர் கையிலும் அடுத்தவர் பணம். அதே 1799-ம் வருஷமே நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. எஜமானுக்காக வாங்கிய பணத்தை எடுத்துக்கொள்ளும் வேலைக்காரனும் குமாஸ்தாவும் குற்றவாளிகள். இங்கிலாந்துச் சட்டத்தில் கையாடல் தனிக் குற்றமாகத் தலை நிமிர்ந்தது அப்படித்தான்.

இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பழைய சிக்கலை மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. 1860-ல் இயற்றி 1862 முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் எல்லாம் தனித்தனிப் பெட்டி. 378 திருட்டு. 403 நேர்மையற்ற முறையில் பொருளைத் தன் உபயோகத்துக்கு ஆக்கிக்கொள்வது. 405 நம்பிக்கை மோசடி. குமாஸ்தாவோ வேலைக்காரரோ செய்தால் 408. அரசு ஊழியரோ வங்கியாளரோ ஏஜென்டோ செய்தால் 409, ஆயுள் தண்டனை வரை போகலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்கள் மாறிவிட்டன. திருட்டு 303, கையாடல் 314, நம்பிக்கை மோசடி 316. பெட்டிகள் அதேதான்.

'நம்பிக்கை மோசடி' என்ற பெயரைக் கவனியுங்கள். போனது பணம், ஆனால் சட்டம் உடைந்ததாகச் சொல்வது நம்பிக்கை. நம்பிக்கை என்று வந்துவிட்டால் நம்பியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். 'கையாடல்' என்ற சொல்லில் காணாமல் போன மனுஷன் இந்தச் சொல்லில் எட்டிப் பார்க்கிறார்.

ஆனால் அவரை வாக்கியத்துக்குள் இழுத்து வந்து உட்காரவைத்த பெருமை வெள்ளைக்காரனுக்கு இல்லை. அதற்கு ரொம்பப் பின்னால் போக வேண்டும்.

1905-ல் மைசூர் அரசாங்கத்தின் கீழைத்தேய நூலகத்தில் ஷாமா சாஸ்திரி என்ற அறிஞர் ஓர் ஓலைச்சுவடியைப் பார்க்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. பிரித்துப் பார்த்தால், அழிந்துபோனதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! 1909-ல் அச்சில் வந்தது. அரசியல் தந்திரம், ஒற்றர்கள், விஷம் என்று அந்தப் புத்தகத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பிடித்தது இரண்டாம் பகுதியில் எட்டாம் அத்தியாயம். அதிகாரிகள் அமுக்கிய பணத்தை மீட்பது எப்படி என்பது அதன் விஷயம்.

அங்கே அபஹாரம் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நம் 'அபகரிப்பு' அந்த வழிச் சொல்தான். கௌடில்யர் சொல்வது மூன்றே விஷயம். வந்த வரவைக் கணக்கில் ஏற்றாமல் இருப்பது. கொடுக்கச் சொன்ன செலவைக் கொடுக்காமல் இருப்பது. கையில் உள்ள இருப்பை இல்லை என்று சாதிப்பது. வரவு, செலவு, இருப்பு. கேஷ் புக்கில் இதைத் தவிர நாலாவதாக ஒரு பத்தி கிடையாது! ஆக, திருடுவதற்கும் நாலாவது வழி கிடையாது. சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பு எழுதிய விளக்கம், இன்றைய ஆடிட்டிங் வகுப்பில் அப்படியே செல்லுபடியாகும்.

அதோடு நிற்கவில்லை மனுஷர். பணம் அமுக்க நாற்பது வழிகள் என்று பட்டியல் போடுகிறார். வசூலானதை ஆகவில்லை என்று எழுதுவது, ஆகாததை ஆயிற்று என்று எழுதுவது, நிறைய வந்ததைக் கொஞ்சமாகக் காட்டுவது, ஒருவர் கொடுத்ததை வேறொருவர் பெயரில் எழுதுவது, எடையில், அளவில், எண்ணிக்கையில் விளையாடுவது... முதல் வழி எது தெரியுமா? முன்னால் வந்ததைப் பின்னால் கணக்கில் கொண்டுவருவது.

பி.காம். பாடத்தில் இதற்கு 'டீமிங் அண்டு லேடிங்' என்று பெயர். திங்கட்கிழமை கந்தசாமி கட்டிய பணத்தைக் கேஷியர் பையில் போட்டுக்கொள்வார். புதன்கிழமை முனியம்மா கட்டியதைக் கந்தசாமி பெயரில் வரவு வைப்பார். வெள்ளிக்கிழமை அந்தோணி கட்டியது முனியம்மாவுக்கு. சங்கிலி நீண்டுகொண்டே போகும். இந்த வேலை செய்கிறவருக்கு ஒரு கஷ்டம், லீவு எடுக்கவே முடியாது. ஒரு நாள் வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் வங்கிகளில் முக்கிய நாற்காலிகளில் இருப்பவர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பும் வழக்கம் வந்தது. லீவே எடுக்காமல் உழைக்கும் ஊழியரை ஆடிட்டர் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பதும் இதனால்தான்.

அபஹாரத்துக்கு கௌடில்யர் விதித்த அபராதம், எடுத்ததைப் போல் பன்னிரண்டு மடங்கு. தகவல் கொடுத்து நிரூபிப்பவருக்கு ஆறில் ஒரு பங்கு, அவரும் அரசாங்க வேலைக்காரராக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதெல்லாம்கூடப் பெரிய விஷயம் இல்லை. ஓர் அதிகாரி மீது சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியதாக அவர் இன்னொன்று சொல்கிறார். அந்த அதிகாரி வேலை பார்த்த இடம் முழுக்க அறிவிப்புச் செய்ய வேண்டும். 'இன்ன அதிகாரியால் நஷ்டப்பட்டவர்கள் வந்து சொல்லலாம்.' வந்து சொல்பவர்களுக்கு, நஷ்டம் எவ்வளவோ அவ்வளவைக் கொடுக்க வைக்க வேண்டும்.

ஒரு நிமிஷம் இதை யோசியுங்கள். முதல் கேள்வி 'எவ்வளவு போயிற்று' இல்லை. 'யாருக்குப் போயிற்று!'

நம் ஊர் ஆவணமும் சளைத்தது இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 921-ம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்களே, அதேதான். யாரெல்லாம் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல். அதில் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களுக்கு இடம் கிடையாது. அவர்கள் மட்டும் இல்லை, பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை, அத்தை பிள்ளை என்று நெருங்கிய உறவுகளுக்கும் கதவு சாத்தப்பட்டது. பணம் எடுத்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டவில்லையா, அது போதும். அவர் மட்டும் ஒதுங்கிக்கொண்டு, தம்பி முறைக்காரனை நாற்காலியில் உட்கார வைக்கும் வித்தை அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது போலிருக்கிறது!

சரி, கையாடுகிறவர்கள் தங்களை என்ன வார்த்தையில் சொல்லிக்கொள்கிறார்கள்?

டொனால்டு கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் இதைத்தான் தேடிப் போனார். சிறைகளுக்குப் போய், இந்தக் குற்றத்துக்காக உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் உட்கார்ந்து பேசினார். 1953-ல் புத்தகமாக வெளியிட்டார். அதன் தலைப்பே 'மற்றவர்கள் பணம்.' முதலில் அவருக்கே வார்த்தை தகராறு. கையாடல் என்ற சட்டச் சொல்லை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியவில்லை. ஒரே மாதிரி காரியத்துக்கு ஒருவர் மீது மோசடி என்றும் இன்னொருவர் மீது கையாடல் என்றும் வழக்கு. அதனால் அந்தச் சொல்லையே ஒதுக்கிவிட்டு, பண விஷயத்தில் தன்மேல் வைத்த நம்பிக்கையை மீறியவர்கள் என்று மாற்றிக்கொண்டார். மறுபடியும் நம்பிக்கை!

அவர் கண்டது இதுதான். வெளியே சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம். கமுக்கமாகத் தீர்த்துக்கொள்ள வசதியான நாற்காலி. மூன்றாவதாக, மனசைச் சமாதானப்படுத்த ஒரு வாக்கியம். ரொம்பப் பேர் சொன்ன வாக்கியம், 'நான் எடுக்கவில்லை, கடனாகத்தான் வாங்கிக்கொண்டேன்.' அதாவது திருடன் ஆவதற்கு முன்னாலேயே தனக்குள் ஒரு வார்த்தையை மாற்றிக்கொள்கிறார்கள். நம் ஊர்த் தமிழில், 'ரொட்டேஷனுக்கு எடுத்தேன் சார், ஒண்ணாம் தேதி வெச்சிடுவேன்.'

இந்த ஒண்ணாம் தேதி வாக்கியத்தை நம் சட்டம் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறது. பழைய 403-க்கான முதல் விளக்கமே அதுதான், புதிய 314-லும் இருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்தாலும் கையாடல், கையாடல்தான். சட்டம் தரும் உதாரணமும் சுவையானது. அடுத்தவருடைய அரசாங்கக் கடன் பத்திரம் ஒருவர் கையில் கிடைக்கிறது. அடுத்தவருடையது என்று தெரிந்தே, அதை வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்குகிறார். பிறகு மீட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும் எண்ணம் நிஜமாகவே இருக்கிறது. இருந்தாலும் குற்றவாளி.

இந்த 'அப்புறம் வைத்துவிடலாம்' என்ற மனசை வைத்து ஒரு நாவலே இருக்கிறது. பிரேம்சந்த் 1931-ல் எழுதிய 'கபன்.' இந்தியில் கபன் என்றால் கையாடல், அரபியிலிருந்து வந்த சொல். அலகாபாத் நகராட்சியில் வேலை பார்க்கும் ரமாநாத், மனைவி ஜால்பாவின் நகை ஆசைக்காகக் கடனுக்கு மேல் கடன் வாங்கி, கடைசியில் நகராட்சிப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்படி ஆகி, அது கைமாறிப் போய், கல்கத்தாவுக்கு ஓடிப்போகிறான். இதில் வேடிக்கை என்னவென்றால் அவன் ஓடியதும் விஷயம் தெரிந்த ஜால்பா, தன் நகையை விற்று அந்தப் பணத்தைக் கட்டிவிடுகிறாள். அலுவலகக் கணக்கில் கையாடலே இல்லை! 'கையாடல்' என்று பெயர் வைத்த நாவலில் கணக்குப்படி கையாடல் கிடையாது. ஆனால் அது தெரியாமல் பயந்து சாகும் ரமாநாத், போலீஸ் கையில் பொம்மையாகிவிடுகிறான்.

நல்ல காரியத்துக்கு எடுத்தால்? பத்ராசலம் ராமதாசர் கதை எல்லோருக்கும் தெரியும். கோபண்ணா என்ற தாசில்தார் வசூலான வரிப் பணத்தில் ராமருக்குக் கோயில் கட்டினார். கோல்கொண்டா சுல்தான் தானிஷா அவரைச் சிறையில் போட்டார். பக்தர்கள் சொல்லும் கதையில் ராமரும் லட்சுமணரும் நேரே வந்து தானிஷாவிடம் பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடவுள் நினைத்திருந்தால் சிறைக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம், சுல்தான் மனசை மாற்றியிருக்கலாம். ஆனால் கதை சொன்ன ஜனங்களுக்கு அது ஒப்பவில்லை. பணம் உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும், ரசீது வேண்டும். நம் ஜனங்களின் நியாயம் அத்தனை கறார்.

நிஜ வாழ்க்கையில் யாரும் வில் அம்போடு வந்து பாக்கியைத் தீர்ப்பதில்லை.

1906 அக்டோபர் 22. மதராஸில் அர்பத்னாட் அண்டு கம்பெனி கதவைச் சாத்திய நாள். நெடுங்காலமாகப் பேர் பெற்ற நிறுவனம். தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்னாட் ஊரில் முதல் மரியாதைக்காரர். வெள்ளைக்கார அதிகாரி முதல் பென்ஷன் வாங்கிய குமாஸ்தா வரை பணத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர்கள் தூங்கும்போது லண்டனில் பங்காளி மெக்ஃபேடியன் கம்பெனிப் பணத்தை வைத்துச் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் இறங்கியிருந்தார். எல்லாம் போன பிறகு ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். இங்கே சர் ஜார்ஜ் மீது வழக்கு, 18 மாதம் கடுங்காவல். ஒரு 'சர்' ஜெயிலுக்குப் போனது அந்தக் காலத்தில் லேசான விஷயம் இல்லை.

ஆனால் அந்த 18 மாதத்தால் பென்ஷன்காரருக்கு என்ன வந்தது? தண்டனை என்பது அரசாங்கத்துக்கும் குற்றவாளிக்கும் இடையே நடந்து முடிந்துவிடும் கணக்கு. பணம் போட்டவர்கள் பக்கம் நின்று வாதாடியவர்களில் முக்கியமானவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். இப்படி நம்பி ஏமாறுவதை விட நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் இறங்கினார்கள். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது அப்படித்தான். சென்னையில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் நொடித்துப் போன பல குடும்பங்கள் இருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இழந்தவர்கள் பொதுவாகச் சத்தம் போடுவதில்லை. திருடன் வந்துவிட்டுப் போனால் ஊரைக் கூட்டுகிறோம். தெரிந்தவர் நடத்திய சீட்டில், உறவினர் செயலாளராக இருந்த சங்கத்தில் பணம் போனால் வெட்கம் வந்து வாயை மூடிவிடுகிறது. 'படிச்சவங்க, இப்படியா நம்பறது?' என்று நாலு பேர் கேட்பார்களே! கையாடியவன் தலை நிமிர்ந்து ஜாமீனில் வருவான், நம்பியவர் தலை குனிந்து நடப்பார். நம் இலக்கணம் வாக்கியத்திலிருந்து அவரை வெளியே தள்ளியது போதாதென்று ஊரும் ஒதுக்கி வைக்கும்.

அதனால் ஒரு யோசனை. அடுத்த தடவை 'கூட்டுறவு சங்கத்தில் பல லட்சம் கையாடல்' என்று படிக்கும்போது, அந்த வாக்கியத்தில் ஆறாம் வேற்றுமையைச் சேர்த்துப் படியுங்கள். யாருடைய பணம்? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நெசவாளியுடையதா, கறவை மாட்டை விற்றுப் போட்ட கிழவியுடையதா? அரசாங்கப் பணம், பொதுப் பணம், சங்கத்துப் பணம் என்று சொல்லும்போது யாருடையதும் இல்லாத மாதிரி ஒரு மயக்கம் வரும். கையாடுகிறவனுக்கு அந்த மயக்கம்தான் மூலதனம்.

கௌடில்யர் கேட்கச் சொன்னதும் இந்த ஆறாம் வேற்றுமைக் கேள்வியைத்தான். ஊர் ஊராக, சத்தமாக.